ஏற்றுமதி ஆடைகளில் ஆர்.எஃப்.ஐ.டி. டேக்: திருப்பூர் யூனிட்டுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அடுத்த ஆர்டரிலிருந்து ஒவ்வொரு பீஸிலும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் இருக்க வேண்டும்" என்று வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. அன்றிலிருந்து முதலாளி, மெர்ச்சன்டைசர், பேக்கிங் இன்சார்ஜ் எல்லோருக்கும் ஆளுக்கொரு சந்தேகம். இந்த டேக்கின் எண்ணை ரேடியோ அலையால் படிக்கும் ரீடரைப் பேக்கிங் பிரிவுகளில் பொருத்தி, ஆட்களைப் பழக்கிவிடுவது என் வேலை. எந்த யூனிட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். பின்னால் வரும் சில பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும். அதற்காகவே எண் போட்டிருக்கிறேன்.

1. பார்கோடுதான் இருக்கே சார், அப்புறம் எதுக்கு இந்த டேக்?

நீலக் கலர், எம் சைஸ், வட்டக் கழுத்து டி-ஷர்ட் என்பதோடு பார்கோடு நின்றுவிடும். அதே கலர், அதே சைஸில் ஆயிரம் பீஸ் இருந்தால் ஆயிரத்திலும் ஒரே பார்கோடுதான். டேக்கில் ஒவ்வொரு பீஸுக்கும் தனி எண் உண்டு. அதோடு, பார்கோடு ஸ்கேனருக்கு நேராகத் தெரிய வேண்டும். பாலிபேக்கைத் திருப்பி, சுருக்கத்தை நீவி, ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். டேக்குகளை மூடிய பெட்டிக்கு வெளியிலிருந்தே மொத்தமாகப் படித்துவிடலாம்.

இதன் பெரிய பலன் கடைக்காரருக்குத்தான். எந்தக் கடையில் எந்த சைஸ் தீர்ந்துவிட்டது என்பதைக் கையில் ஒரு ரீடரோடு நடந்தே எண்ணிவிடலாம். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2003-லேயே ஆடைகளில் இதைச் சோதிக்கத் தொடங்கியது. பிறகு இண்டிடெக்ஸ், டெக்கத்லான், யூனிக்ளோ என்று வரிசையாக வந்தார்கள். உள்ளூர் மொத்த வியாபாரத்தின் கதை வேறு. காதர்பேட்டைக்குச் சரக்கு போடுபவருக்குப் பெட்டிக்கு ஒரு பார்கோடு போதும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

2. அந்த டேக்குக்குள்ள என்னதான் இருக்கு? பேட்டரி இருக்கா?

பேட்டரி கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியத்தால் ஓர் ஆன்டெனா, அதன் நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு சிப், அவ்வளவுதான். ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சிப் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அதே அலையைக் கொஞ்சம் மாற்றித் திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது. உங்கள் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகும் இதே தொழில்நுட்பம்தான். 2021 பிப்ரவரியில் அது கட்டாயமானதிலிருந்து இதைச் சுங்கச்சாவடியில் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

டேக்கில் விலையோ, ஸ்டைல் பெயரோ, உங்கள் கம்பெனி முகவரியோ இருக்காது. ஓர் எண் மட்டும்தான். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது கணினியில் இருக்கும்.

3. எல்.எஃப்., எச்.எஃப்., யு.எச்.எஃப்.னு மூணு சொல்றாங்க. நாங்க எதை எடுக்கறது?

மூன்றும் ரீடர் பயன்படுத்தும் ரேடியோ அலைவரிசைகள்: தாழ்வு, உயர்வு, மிக உயர்வு. ஆடைப் பெட்டிகளை எண்ணுவதற்கு யு.எச்.எஃப். மட்டும்தான். எல்.எஃப். 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸில் ஓடும். மாட்டுக் காதில் போடும் டேக்குகள் இந்த வகை. எச்.எஃப். 13.56 மெகாஹெர்ட்ஸ், ஆபீஸ் கதவு அட்டை, மெட்ரோ அட்டையெல்லாம் இந்த இனம். கிட்டக் கொண்டுபோனால்தான் படிக்கும். யு.எச்.எஃப். 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை. சில மீட்டர் தூரத்திலிருந்து நொடிக்கு நூற்றுக்கணக்கான டேக்குகளைப் படித்துவிடும்.

தையல் லைனில் வெட்டிய துணிகளின் பண்டிலோடு ஓர் அட்டையை அனுப்பி, ஒவ்வொரு டெய்லரும் தன் இடத்தில் உள்ள கருவியில் அதைத் தட்டும் முறை சில யூனிட்டுகளில் உண்டு. அதற்கு எல்.எஃப். அல்லது எச்.எஃப்.தான் சரி. பக்கத்து மிஷினில் இருக்கும் அட்டையைத் தவறிப் படித்துவிடாது. அதனால் ஒரே யூனிட்டில் இரண்டு வகையும் இருப்பதில் தப்பே இல்லை. டேக் விற்பவரின் தாளில் ரெய்ன் என்றோ, ஜென்-2 என்றோ, ஐ.எஸ்.ஓ. 18000-63 என்றோ போட்டிருந்தால் எல்லாமே இந்த யு.எச்.எஃப். வகையைத்தான் குறிக்கிறது.

4. போன்லயே படிச்சுக்க முடியாதா?

சாதாரண போனில் இருப்பது என்.எஃப்.சி.; அது எச்.எஃப். இனம். உங்கள் பெட்டியில் இருப்பது யு.எச்.எஃப். ஆகவே படிக்காது. போனோடு இணைத்துக்கொள்ளும் கைப்பிடி ரீடர் தனியாகக் கிடைக்கிறது, அது படிக்கும்.

5. எவ்வளவு தூரத்துல இருந்து படிக்கும்?

காலி இடத்தில் ஒற்றை டேக்கைப் பிடித்துக்காட்டி "பத்து மீட்டர் படிக்கிறது பாருங்கள்" என்பார் விற்பனையாளர். உண்மைதான். ஆனால் உங்கள் பேக்கிங் பிரிவில் தூரம் போதாமல் பிரச்சினை வருவது குறைவு. அதிகமாகப் படித்துத்தான் தொல்லை. ஒரு பெட்டியைப் படிக்கச் சொன்னால், பின்னால் அடுக்கிய மூன்று பெட்டிகளையும் சேர்த்துப் படித்துவிடும்.

அதனால் ரீடரின் பவரைக் குறைப்பது, பெட்டியை அலையைத் தடுக்கும் கூண்டுக்குள் தள்ளிப் படிப்பது, படிக்கும் இடத்தைச் சுற்றிச் சரக்கு அடுக்காமல் விடுவது ஆகியவற்றுக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். "இதன் அதிகபட்ச தூரம் எவ்வளவு" என்று மட்டும் கேட்டு ரீடர் வாங்காதீர்கள்.

6. டேக் ஒண்ணு என்ன விலை ஆகும்? ஆர்டர் காஸ்டிங்ல எவ்வளவு போடறது?

லட்சக்கணக்கில் வாங்கும்போது சாதாரண யு.எச்.எஃப். டேக் ஒற்றை இலக்க ரூபாயில்தான் இருக்கும். அச்சிட்டு, எண் எழுதி வரும், ஆடையில் தொங்கவிடும் ஹேங் டேக் கொஞ்சம் கூடும். ஒரு பேச்சுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் 50,000 பீஸ் ஆர்டருக்கு 3 லட்சம். பையரோடு விலை பேசும்போதே இந்தத் தொகை எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரையான) விலைக்குள் வந்துவிட வேண்டும். ஆர்டர் உறுதியான பிறகு டேக்கைச் சொன்னால் அது உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.

டேக் விலையை மட்டும் பார்ப்பது போதாது. வீணாகும் டேக்குகள், அவசரத்துக்கு மறுபடி ஆர்டர் போட்டால் ஆகும் கூரியர், பெட்டிக்குப் பெட்டி சரிபார்க்கும் நேரம், ரீடர், அதற்கான மென்பொருளின் ஆண்டுக் கட்டணம் எல்லாம் உண்டு. சின்ன ஆர்டர்களில் இவை டேக் விலையையே தாண்டிவிடும்.

7. பையர் சொல்ற கம்பெனியிலதான் வாங்கணுமா? வெளியில பாதி விலைக்குத் தர்றாங்களே.

பையர் குறிப்பிட்ட சப்ளையர் என்றால் அங்கேதான் வாங்க வேண்டும். இதில் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். வால்மார்ட் போன்ற அமெரிக்க பையர்கள், ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஆர்.எஃப்.ஐ.டி. ஆய்வகம் சோதித்துத் தேர்ந்த டேக் வடிவங்களை மட்டும் ஏற்கிறார்கள். எந்தப் பொருளுக்கு எந்தத் தர வகுப்பு என்றும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பாதி விலை டேக் கண்ணுக்கு அச்சு அசல் அப்படியே இருக்கும். ஆன்டெனாவின் வளைவு மாறினாலோ சிப் மாறினாலோ படிக்கும் திறன் மாறிவிடும். பையரின் கிடங்கில் படிக்கவில்லை என்றால், பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் உங்களுக்குத்தான் வரும்.

பையர் பெயர் எதுவும் குறிப்பிடாமல் தரத்தை மட்டும் சொல்லியிருந்தால் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. அப்போதும் சிப்பின் பெயர், ஆன்டெனா மாடல், சோதனைச் சான்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். இம்பின்ஜ், என்.எக்ஸ்.பி. ஆகிய இரண்டும் சிப் தயாரிப்பவர்கள்; அந்தப் பெயர் இருப்பதாலேயே டேக் முழுவதும் நல்லது என்று ஆகிவிடாது.

8. டேக்குல என்ன நம்பர் போடணும்? நாங்களே ஒண்ணு, ரெண்டுன்னு போட்டுக்கலாமா?

வேண்டாம். சில்லறை ஆடைகளில் பெரும்பாலும் எஸ்.ஜி.டி.ஐ.என்-96 என்ற அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 96 பிட். அதில் பார்கோடில் உள்ள அதே பொருள் எண்ணும், அதோடு 38 பிட்டில் வரிசை எண்ணும் அடங்கும். 38 பிட் என்றால் ஒவ்வொரு பொருள் எண்ணுக்கும் 27 ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட வரிசை எண்கள். தீர்ந்துவிடும் என்ற பயமே வேண்டாம். ரீடர் திரையில் இந்த எண் 30 என்று தொடங்கும். வேறு எதிலாவது தொடங்கினால் நிறுத்திவிட்டு மெர்ச்சன்டைசரைக் கூப்பிடுங்கள். எண் எழுதாத வெற்று டேக்காகவோ, வேறு அமைப்பில் எழுதியதாகவோ இருக்கலாம்.

பொருள் எண் பையருடையது. அவர் தரும் பட்டியலிலிருந்து ஸ்டைல், கலர், சைஸ் வாரியாக எடுக்க வேண்டும். உங்கள் சொந்த பிராண்டுக்கு என்றால் பார்கோடு எண் வழங்கும் ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பில் பதிந்து வாங்கலாம். அங்கே தரும் எண்கள் 890 என்று தொடங்கும்.

உண்மையான ஆபத்து வரிசை எண்ணில்தான். ஒரே ஆர்டரை உங்கள் யூனிட்டும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டும் பிரித்துப் பண்ணும்போது, இருவரும் தனித்தனியாக டேக் அச்சடித்து இருவருமே ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் ஒரே எண் இரண்டு பீஸில் வந்துவிடும். யாருக்கு எந்த எண்ணிலிருந்து எதுவரை என்று முதலிலேயே பிரித்துக் கொடுங்கள். இன்னொரு வழி, சிப் தயாரிக்கும்போதே அதற்குள் எழுதப்பட்ட மாறாத எண்ணிலிருந்து வரிசை எண்ணை உருவாக்குவது. பல இடங்களில் அச்சடிக்கும் ஆர்டர்களுக்கு எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். யாரும் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வைக்க வேண்டியதில்லை.

9. சரி, ஒரே நம்பர் ரெண்டு பீஸ்ல வந்தாத்தான் என்ன? துணி ஒண்ணுதானே?

கணினிக்கு அது ஒரே பீஸ். 48 பீஸ் உள்ள பெட்டியில் ஒரு ஜோடி இப்படி இருந்தால் 47 என்றுதான் காட்டும். பெட்டியைப் பிரித்துக் கையால் எண்ணினால் 48 இருக்கும். மூடி மறுபடி படித்தால் 47. ஒரு நாள் பூராவும் இப்படியே போகும். இதைவிட மோசம், இரண்டும் வேறு வேறு பெட்டிகளில் போய்விடுவது. உங்களிடம் எல்லாம் சரியாகவே தெரியும். அங்கே கிடங்கில், ஏற்கெனவே வந்த பீஸ் மறுபடி எப்படி வந்தது என்று கேள்வி எழும்.

10. இந்தியாவுல ஓடற ரீடர் அமெரிக்காவுல ஓடாதாமே. அப்ப நாம போடற டேக் அங்க படிக்குமா?

டேக் படிக்கும். ரீடருக்குத்தான் நாட்டுக்கு நாடு சட்டம். இந்தியாவில் 2005-இல் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தார்கள். பிறகு அது 868 வரை நீண்டது. அமெரிக்காவில் 902 முதல் 928. ஐரோப்பாவில் நம்மைப்போல 865 முதல் 868 உண்டு. மேலே 915-ஐ ஒட்டியும் ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். நல்ல டேக் இந்த அகலம் முழுவதிலும் வேலை செய்யும்படிதான் வடிவமைக்கப்படுகிறது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருகிறார் என்று ரீடர் வாங்கிவிடாதீர்கள். அந்த அலைவரிசையின் ஒரு பகுதி இங்கே மொபைல் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் அலை பரப்புவது சட்டப்படி குற்றம். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யு.பி.சி. பிரிவு ஒப்புதல் உள்ள, இந்தியாவுக்கென்று அமைக்கப்பட்ட ரீடர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 915-ஐ ஒட்டி நன்றாகப் படிக்கும்படி அமைந்த டேக், இங்கே 866-இல் சற்று மந்தமாகப் படிக்கலாம். இங்கே தடுமாறும் டேக் அங்கே நன்றாகப் படிப்பதும், இங்கே ஜோராகப் படிப்பது அங்கே தடுமாறுவதும் நடக்கும். ஆகவே உங்கள் மேசையில் படித்ததை மட்டும் நம்பாமல் 7-இல் சொன்ன சான்றையும் பாருங்கள்.

11. டேக்கை எங்க வைக்கணும்? ஹேங் டேக்கா, கேர் லேபிளா, பாலிபேக் மேலயா?

பெரும்பாலும் பையரின் கையேட்டில் இருக்கும். உங்களிடம் விட்டால் என் முதல் தேர்வு ஹேங் டேக் அல்லது விலை அட்டை. பேக்கிங்கில் கடைசியாகக் கோக்கிறோம். தையல், அயர்னிங் எதுவும் அதைத் தொடாது. பழுதானால் மாற்றுவது சுலபம். துவைக்கும் முறை அச்சிட்ட கேர் லேபிளுக்குள் வைத்துத் தைப்பது கடைக்குப் போன பிறகும் பிரியாமல் இருக்கும். ஆனால் தைக்கும்போது ஊசி சிப்பிலோ ஆன்டெனாவின் முக்கிய இடத்திலோ இறங்கினால் டேக் போச்சு, மாற்ற வேண்டுமென்றால் தையலைப் பிரிக்க வேண்டும். பாலிபேக் மேல் ஒட்டுவது மலிவு. பிரித்து மறுபேக்கிங் செய்யும்போது பீஸும் டேக்கும் மாறிப்போகும்.

எங்கே வைத்தாலும் கெடுதல் செய்வது ஒன்றுதான்: டேக்கின் மேல் டேக் ஒட்டிக்கொண்டு படுப்பது. இரண்டு ஆன்டெனாக்கள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் வந்தால் ஒன்றையொன்று கெடுக்கும்; அடுக்கின் நடுவில் இருப்பது படிக்காது. குழந்தைகள் பனியன், உள்ளாடை மாதிரி மெல்லிய பீஸ்களை ஒரே மாதிரி மடித்து அடுக்கும்போது இது நிச்சயம் வரும். ஒரு பீஸை இந்தப் பக்கம், அடுத்ததை அந்தப் பக்கம் என்று மாற்றி அடுக்கினாலே பாதித் தொல்லை தீரும். டேக்கை மடிக்காதீர்கள், ஸ்டேப்பிளர் ஊசி போடாதீர்கள்.

12. மெட்டல் ஜிப், பட்டன், மழைக்கால ஈரம் எல்லாம் பிரச்சினை பண்ணுமா?

உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கிவிடும். சின்னப் பட்டனால் ஒன்றும் ஆகாது. நீள மெட்டல் ஜிப்பின் மேல் டேக் படுத்திருந்தால் நகர்த்தி வையுங்கள். வெள்ளி, தங்க ஃபாயில் அச்சிட்ட அட்டையில் டேக் ஒட்டினால் சுத்தமாகப் படிக்காமல் போகலாம். டிசைன் அனுமதிக்கு வரும்போதே சொல்லிவிடுங்கள். பருத்தி இயல்பாக இழுத்துக்கொள்ளும் காற்று ஈரம் பொருட்டல்ல. நனைந்த துணிதான் பிரச்சினை.

ஆடையில் உடைந்த ஊசி இருக்கிறதா என்று பார்க்கும் நீடில் டிடெக்டரைப் பற்றியும் இதோடு கேட்பார்கள். அது தேடுவது காந்தத்துக்கு வசப்படும் இரும்பை. டேக்கில் இருப்பது அலுமினியம். சாதாரணமாக அலறாது. இருந்தாலும் உங்கள் மிஷினில் நூறு டேக்கை ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

13. பெட்டியை மூடினதுக்கு அப்புறம் நூத்துக்கு நூறு படிக்குமா?

உலர்ந்த ஆடைக்கு, சரியான டேக், சரியான கூண்டு இருந்தால் படிக்கும். இந்த விஷயத்தில் ஆடைக்கு இருக்கும் சாதகம் மற்றச் சரக்குகளுக்கு இல்லை. வால்மார்ட் 2003-இல் தன் முதல் 100 சப்ளையர்களிடம் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் டேக் போடச் சொன்னபோது, தண்ணீரும் தகரமும் நிறைந்த சரக்குகளில் படிப்பதே பெரும்பாடாக இருந்தது. சப்ளையர்களுக்குச் செலவு தெரிந்தது, பலன் தெரியவில்லை. பிற்பாடு இந்தத் தொழில்நுட்பம் வேரூன்றியது ஆடைகளில், அதுவும் பீஸ் வாரியாக.

ஆனால் எண்ணிக்கை சரியாக வந்ததை வைத்துப் பெட்டியைத் தேறவிடக் கூடாது. 48 வர வேண்டிய பெட்டியில் 48 வந்தது. உள்ளே ஒரு டேக் செத்திருக்கிறது, பக்கத்துப் பெட்டியின் டேக் ஒன்று சேர்ந்து படித்துவிட்டது, கூட்டினால் 48தான். எல் 12, எம் 12 என்பதற்குப் பதில் எல் 11, எம் 13 வந்தாலும் 48தான். பொருள் எண் வாரியாகப் பேக்கிங் லிஸ்டோடு ஒப்பிட வேண்டும். ஒரு பெட்டியில் பதிவான எண் இன்னொரு பெட்டியில் வந்தால் மென்பொருள் உடனே சத்தம் போட வேண்டும். இந்த இரண்டும் செய்யாத மென்பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பெட்டி தேறிய பிறகு அதற்கென 18 இலக்க எஸ்.எஸ்.சி.சி. எண் அச்சிட்டு ஒட்டி, உள்ளே உள்ள பீஸ் எண்களை அதோடு கட்டிவையுங்கள். பின்னால் சரக்குக் குறைகிறது என்று பையர் சொன்னால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். பையர் சொன்னார் என்பதற்காக மட்டும் டேக் போட்டு, இந்தப் பதிவை வைக்காமல் விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். டேக் செலவு முழுக்கச் செய்துவிட்டு, தங்களுக்கு வர வேண்டிய ஒரே பலனை விட்டுவிடுகிறார்கள்.

14. 48 போட்ட பெட்டியில 49 காட்டுது. எங்கிருந்து வந்துச்சு?

சுற்றிப் பாருங்கள். மேசையில் டேக் ரோல் இருக்கும், குப்பைக்கூடையில் பழைய டேக் கிடக்கும், செக்கிங்கில் ஒதுக்கிய பீஸ் பக்கத்தில் இருக்கும், யாராவது சட்டைப் பையில் ஒரு ஹேங் டேக்கை வைத்திருப்பார்கள். படிக்கும் இடத்திலிருந்து நல்ல தூரத்தில் டேக் ரோல்களை இரும்பு பீரோவில் வையுங்கள். அலை உள்ளே போகாது, திருடும் போகாது. ஒதுக்கிய டேக்கைச் சிப் இருக்கும் இடத்தில் வெட்டிவிட்டுப் போடுங்கள்.

15. ஒரு தடவை படிச்ச பெட்டியை உடனே திரும்பப் படிச்சா பாதி பீஸ் காணாம போகுது. டேக் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. நிறைய டேக் இருக்கும் இடத்தில் ஒன்றே திரும்பத் திரும்பப் பதில் சொன்னால் மற்றவைக்கு வாய்ப்பு வராது. அதனால் ஒரு முறை எண்ணைச் சொன்ன டேக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும்படி ஜென்-2 விதியிலேயே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்பது ரீடரில் தேர்ந்தெடுக்கும் 'செஷன்' என்ற அமைப்பைப் பொறுத்தது. மொத்தம் நான்கு செஷன்: 0, 1, 2, 3. 1-இல் அரை நொடி முதல் 5 நொடி வரை. 2, 3 இரண்டிலும் ரீடரின் அலை பட்டுக்கொண்டிருக்கும்வரை பேசாது. அலை நின்ற பிறகும் குறைந்தது 2 நொடி, பல சிப்புகளில் அதைவிட அதிக நேரம் அப்படியே இருக்கும்.

பக்கத்தில் இன்னொரு ரீடர் அதே செஷனில் ஓடினாலும் இதே கோளாறு வரும். அது படித்துவிட்ட டேக் உங்களிடம் வாய் திறக்காது. பக்கத்துப் பக்கத்து ரீடர்களுக்கு வேறு வேறு செஷன் வையுங்கள். மறுபடி படிக்கும் கூண்டுக்கு 0 அல்லது 1 போதும். ரீடர் பொருத்த வருபவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர் விளக்கும் விதத்திலேயே ஆளின் அனுபவம் தெரிந்துவிடும்.

16. கையில பிடிக்கிற ரீடரா, டனலா, கேட்டா? எதை முதல்ல வாங்கலாம்?

சின்ன யூனிட்டுக்கு ஒரு கை ரீடரும், 5-இல் சொன்ன மாதிரி ஒரு தடுப்புக் கூண்டும் போதும். நாளைக்கு நூற்றுக்கணக்கில் பெட்டி போனால் பெட்டி கன்வேயரில் ஓடும்போதே படிக்கும் டனல் தன் செலவை எடுத்துத் தரும். லாரி ஏற்றும் வாசலில் பெரிய கேட் நிறுத்துவது பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பெட்டி உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா, பக்கத்தில் சும்மா நிற்கிறதா என்று பிரிப்பது கடினம். அது கடைசியில்.

17. பெட்டி கண்டெய்னர்ல ஏறின பிறகு தூத்துக்குடி போயிருச்சா, கப்பல்ல இருக்கான்னு இதே டேக் காட்டுமா?

காட்டாது. ரீடர் இருக்கும் இடத்தில் மட்டும்தான் இந்த டேக்குக்கு உயிர். வழியில் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் ஜி.பி.எஸ். கருவி வேண்டும், அதற்கு பேட்டரியும் சிம் கார்டும் வேண்டும்.

கண்டெய்னருக்கு வேறு ஏற்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. தொழிற்சாலையிலேயே சீல் வைக்கும் ஏற்றுமதியாளர்களுக்கு 2017-இல் சுங்கத்துறை கொண்டுவந்த மின்சீலும் ஆர்.எஃப்.ஐ.டி.தான், துறைமுகத்தில் அதைப் படித்து, உடைபடாமல் வந்ததா என்று பார்க்கிறார்கள். லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்ற ஏற்பாடு 2016-இல் மும்பையை ஒட்டிய ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கி மற்றத் துறைமுகங்களுக்கும் வந்தது. கண்டெய்னர் எண்ணைக் கொடுத்தால் அது எந்தெந்த இடத்தைத் தாண்டியது என்று இணையத்தில் பார்க்கலாம். அதற்காக நீங்கள் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

18. சாயப்பட்டறைக்குப் போற துணி ரோல்ல இதைப் போட்டு வச்சா குறைவு வர்றது தெரியுமே?

ஆசை நியாயமானது. ஆனால் சாதாரண ஸ்டிக்கர் டேக் சாயத் தொட்டியின் சூட்டையும் ரசாயனத்தையும் தாங்காது. ஓட்டல், மருத்துவமனைச் சலவைத் துணிகளுக்கென்று செய்த டேக்குகள் பலமுறை துவைத்தாலும் தாங்கும், விலையும் கூட. அதையும் துணி ஈரமாக இருக்கும்போது படிப்பது சிரமம் (12).

நடைமுறையில் எனக்குச் சரியாகப் படுவது, துணியை விட்டுவிட்டு டிராலிக்கு டேக் போடுவது. இரும்பு டிராலிக்கு உலோகத்தின் மேல் ஒட்டவென்றே தனி வகை டேக் உண்டு. சாதாரண டேக்கை இரும்பில் ஒட்டினால் படிக்கவே படிக்காது. வாசலில் டிராலியைப் படித்து, அப்போதே எடையையும் ஏற்றினால் போன கிலோ எவ்வளவு, வந்த கிலோ எவ்வளவு என்று தேதியோடு கிடைக்கும். குறைவைக் காட்டப்போவது எடைமேடைதான்; எந்த டிராலி, எப்போது என்பதை டேக் சொல்லும்.

19. நம்பரை யாராவது மாத்தி எழுதிட்டா? போலிச் சரக்குல நம்ம நம்பரைப் போட்டுட்டா?

மாற்றி எழுதுவதைத் தடுக்கலாம். டேக்கில் 32 பிட் கடவுச்சொல் உண்டு. எண்ணை எழுதியதும் பூட்டிவிட வேண்டும். பலர் கடவுச்சொல்லைப் பூஜ்யமாகவே விட்டுவிடுகிறார்கள், அப்போது பூட்டு இருந்தும் பயனில்லை. பூட்டும் பொறுப்பு உங்களுடையதா, டேக் சப்ளையருடையதா என்று பையரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போலி வேறு விஷயம். உங்கள் எண்ணைப் படித்து இன்னொரு வெற்று டேக்கில் எழுதுவதை எந்தப் பூட்டும் தடுக்காது. 8-இல் சொன்ன, சிப்புக்குள் தயாரிப்பிலேயே எழுதப்படும் எண்ணையும் சேர்த்துப் பதிந்து வைத்தால் ஓரளவு பிடிக்கலாம். 2013-இல் வந்த ஜென்-2 இரண்டாம் பதிப்பில் டேக் தன்னை நிரூபித்துக்காட்டும் ரகசியக் குறியீட்டு வசதி சேர்ந்தது. அந்த வகை டேக் விலை அதிகம், சாதாரண டி-ஷர்ட்டுக்கு யாரும் கேட்பதில்லை. வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகு டேக் பேசக் கூடாது என்றால் அதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் கட்டளையும் உண்டு. அதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

20. ஐரோப்பாவுல டிஜிட்டல் பாஸ்போர்ட் வருதாமே. அதுக்கும் இந்த டேக்தான் கட்டாயமா?

அதற்கான ஐரோப்பியச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முதலில் எடுத்துக்கொள்ளும் பொருள்களில் ஜவுளியும் உண்டு. பொருளோடு ஒரு குறியீடு இருக்க வேண்டும், அதன் வழியே நூல் எது, எங்கே செய்தது போன்ற விவரங்கள் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அதை வாங்குபவரும் தன் போனில் பார்க்க முடிய வேண்டுமென்றால் க்யூ.ஆர். கோடுதான் எளிது, காரணம் 4-இல் இருக்கிறது. இதற்காக இன்றைக்கே டேக்கில் முதலீடு செய்யாதீர்கள். நூல், சாயம், ஜாப் ஒர்க் விவரங்களை லாட் வாரியாகப் பதியும் பழக்கத்தை ஆரம்பியுங்கள். குறியீடு எதுவானாலும் அந்த விவரம் வேண்டும்.

21. பையர் கேக்கவே இல்லை. நாங்களா போட்டா லாபமா?

உங்களுக்கு எங்கே பணம் போகிறது என்று பாருங்கள். சைஸ் கலப்பு, பெட்டிக் குறைவு என்று அடிக்கடி டெபிட் நோட் வருகிறது என்றால் போடலாம். கணக்குப் பார்த்தால் பல நேரம் கட்டுப்படியாகும். உங்கள் நஷ்டம் கட்டிங் வேஸ்டிலோ, தாமதத்திலோ, மறுசாயத்திலோ இருந்தால் பேக்கிங்கில் போடும் டேக் அதைத் தொடக்கூடச் செய்யாது. அப்படிப்பட்டவர்களிடம் இப்போது வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

மென்பொருள் வாங்கும்போது ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: நீங்கள் படித்த எல்லா எண்களும், நேரமும் இடமும் சேர்த்து, எப்போது கேட்டாலும் கோப்பாகக் கிடைக்க வேண்டும். இ.பி.சி.ஐ.எஸ். என்ற பொது அமைப்பில் தந்தால் இன்னும் நல்லது. பையரின் கணினி அதைப் புரிந்துகொள்ளும். விற்றவர் கடையை மூடிவிட்டால் உங்கள் பதிவும் அதோடு போய்விடக் கூடாது.

22. முதல் ஆர்டர் வருது. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

ஆர்டர் உறுதியாகி, கலர், சைஸ் பிரிப்பு கைக்கு வந்த அன்றே டேக் ஆர்டரைப் போட்டுவிடுங்கள். துணி தாமதமானால் சமாளிக்கலாம். பேக்கிங் மேசையில் டேக் இல்லையென்றால் முடித்த சரக்கு அப்படியே உட்கார்ந்திருக்கும். சைஸ் வாரியாகக் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள். மொத்தத்துக்குச் சேர்த்துக் கேட்டால் தேவைப்படும் சைஸில் மட்டும் இருக்காது.

அந்த ஆர்டரிலேயே மிகக் கஷ்டமான பெட்டி எது என்று பாருங்கள். மெல்லிய துணி, அதிக பீஸ், நீள ஜிப் இருப்பது எதுவோ அதைத்தான் முதலில் கட்டிச் சோதிக்க வேண்டும். சாம்பிள் பீஸ்களை வைத்தே இது முடியும். பெட்டியைத் திருப்பி, கவிழ்த்து, பக்கத்தில் பெட்டி வைத்து, வைக்காமல் என்று படித்துப் பாருங்கள். அது தேறினால் மற்றவை தேறும். பேக்கிங் தொடங்கும் நாளில் டேக் சப்ளையரின் ஆள் ஒருவர் உங்கள் மேசையருகே இருக்கட்டும். விலை பேசும்போதே கேட்டால் அனுப்புவார்கள்.